ஜி. டி. நாயுடு அருங்காட்சியகம், அவிநாசி ரோடு: அரை நாள் ஒதுக்கிவிட்டுப் போங்கள்

கோயம்புத்தூருக்கு மாப்பிள்ளையாக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு நாலு தடவையாவது அவிநாசி ரோட்டில் போய்வருகிறேன். அருங்காட்சியகம் இருக்கிற பிரசிடென்ட் ஹால் வாசலைத் தாண்டும்போதெல்லாம் "ஒரு நாள் உள்ளே போய்ப் பார்க்கணும்" என்று நினைப்பதோடு சரி. போன மாதம் ஒரு லீவு நாளில் மாமனாரையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஒருவழியாகப் போய்விட்டேன். கோவையின் தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளருமான ஜி. டி. நாயுடுவின் அருங்காட்சியகம், அவர் குடும்பத்தார் சேர்த்த பழைய கார்களுக்கான ஜிடி கார் மியூசியம் இரண்டையும் பார்த்தோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனவர்கள், வெளியே வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அதனால்தான் தலைப்பிலேயே அரை நாள் என்று போட்டிருக்கிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபரில் திறந்த புதுப் பாலத்துக்கு ஜி. டி. நாயுடு பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், கோல்டுவின்ஸில் ஏறினால் 10 கிலோமீட்டர் சிக்னலே இல்லாமல் உப்பிலிபாளையத்தில் இறக்கிவிடும். ஏர்போர்ட் பக்கமிருந்து வருகிறவர்கள் அதில் ஏறிவிடாதீர்கள், கீழே இருக்கிற பழைய ரோட்டிலேயே வாருங்கள், கொஞ்சம் நெரிசல் இருக்கும், ஆனால் ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில் என்று அந்த மனிதர் வாழ்ந்த காலத்துக் கோவை முழுக்க அந்த வழியில்தான் இருக்கிறது. எந்த நாள் விடுமுறை, எத்தனை மணி வரை என்பதைக் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் மியூசியத்தில் இருந்து ஆரம்பிக்கலாம், குழந்தைகள் எப்படியும் அங்கேதான் இழுத்துக்கொண்டு போவார்கள். 1886-இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியின் மாதிரி ஒன்று இருக்கிறது, கார் என்ற பொருளே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருக்கிறது. ஃபோர்டின் மாடல் டி இருக்கிறது, எங்களுக்குப் பாதி நேரம் அதற்கு முன்னாலேயே போய்விட்டது.

காரணம் என் மாமனார். அவர் கோவை கணபதி பகுதியில் முப்பத்தைந்து வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவர், கடைசல் வேலை, பெரும்பாலும் பம்ப்செட்டுக்கான ஷாஃப்ட். உள்ளே நுழைந்ததிலிருந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டே நடந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தொடக்கூடாது என்று அவரே அவரைக் கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறார். இரும்பைக் கண்டால் கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துப் பிசிர் இருக்கிறதா என்று சொல்லிப் பழகிய கை அது.

மகள் மாடல் டியைப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, இதுக்குச் சாவி எங்க?" என்று கேட்டாள். அவர் குனிந்து, வண்டிக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றுகிற இடத்தைக் கண்ணாலேயே காட்டினார். "இங்க கைப்பிடி போட்டுச் சுத்தணும் கண்ணு. சுத்தறப்ப கட்டை வெரலை மத்த வெரலோட ஒரே பக்கமா வெச்சுக்கணும், வளைச்சுப் புடிச்சா எஞ்சின் திருப்பி அடிக்கறப்ப கை ஒடிஞ்சு போகும்." பின்னால் கட்டியிருந்த கையை அப்போதுதான் எடுத்தார், காற்றிலேயே பிடித்துக் காட்டினார், நாலு விரலும் கட்டை விரலும் ஒரே வரிசையில். சின்ன வயதில் சூலூர்ப் பக்கம் அவருடைய கிராமத்துக் கிணற்றில் ஆயில் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொண்டது. எங்கேயோ அமெரிக்காவில் 1908-இல் வந்த ஒரு வண்டியும் கொங்கு நாட்டுக் கிணற்றுமேட்டு எஞ்சினும் ஒரே மாதிரிதான் கிளம்பும் என்பது என் மகளுக்கு அன்றைக்குத் தெரிந்தது, எனக்கும்தான்.

அந்தக் கிணற்றுமேட்டைப் பிடித்துக்கொண்டால் நாயுடுவைப் புரிந்துகொள்வது சுலபம். நான் மாயவரம் பக்கம், காவிரித் தண்ணீரில் வளர்ந்தவன், எங்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் தானாக வரும் (இப்போது அது வேறு கதை). இங்கே கிணறு ஆழம், மண் கறுப்பு, பருத்திதான் பிழைப்பு. தண்ணீரை மேலே கொண்டுவர எஞ்சின் வேண்டும், பருத்தியை அரைக்க, நூற்க மில் வேண்டும், மில்லுக்கு உதிரிப் பாகம் வேண்டும். 1888-இலேயே ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கிவிட்டார். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்ததும் மில்லும் மோட்டாரும் பெருக ஆரம்பித்துவிட்டன. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்து வந்தவர்தான் ஜி. டி. நாயுடு.

1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தோடு ஒட்டவே இல்லை, சின்ன வகுப்புகளோடு நிறுத்திவிட்டார். வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து போவதைப் பார்த்து அதன்மேல் பைத்தியமாகி, கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அதற்குப் பிறகு நடந்தது. பருத்தி வியாபாரத்தில் இறங்கினார், பம்பாய் வரைக்கும் போய்க் கையில் இருந்ததை விட்டுவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம்தான் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஓட்ட ஆரம்பித்தார், டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், யு. எம். எஸ். என்று பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அவரைப் பற்றி எங்கே படித்தாலும் "இந்தியாவின் எடிசன்" என்ற பட்டத்தைத்தான் முதலில் போடுகிறார்கள். அந்தப் பட்டத்தோடு போகிறவர்கள் ரேசரையும் ஜூஸ் பிழியும் கருவியையும் பார்த்து "அடேயப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அவை பார்க்க வேண்டியவைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த 'ரசாந்த்' என்ற ரேசரை அவர் செய்தார். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு எந்திரம் எல்லாம் அவர் கைவண்ணம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-இல் அறிவித்தவர். 1952-இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை வெளியே கொண்டுவந்தார், லைசென்ஸ் கிடைக்காததால் அது தொடரவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஊருக்கு அவர் கொடுத்ததில் பெரியது இந்தப் பொருள்கள் எதுவும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. ஊரில் இருந்த பையன்களின் கைகளுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தாரே, அதுதான் பெரியது.

ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது இல்லையா, வெளியூர்க்காரர்கள் இறங்கி "காலேஜ் எங்கே?" என்று தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன். காலேஜ் அங்கே இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. அந்த ஹோப், சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப். நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் அவர் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் 1945 வாக்கில் தொடங்கின, பள்ளிப் படிப்பையே முடிக்காத நாயுடு அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். அந்தக் கல்லூரிதான் பின்னால் தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைக்கு ஜி. சி. டி. என்று எல்லாரும் சொல்லும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. அதற்கு முந்தின வருஷமே தன் மோட்டார் தொழிலில் இருந்து விலகிக்கொண்டு தர்ம காரியங்களை அறிவித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பணம் வந்துகொண்டிருக்கும்போதே தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போனவர்.

முதல்வராக இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? பொறியியல் படிப்புக்கு நான்கு வருஷம் வேண்டாம், இரண்டு வருஷம் போதும், மீதி வீண் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மெக்கானிக்கல் படித்தவன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஒர்க்‌ஷாப் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு ஒரு லேத், அதிலும் நாங்கள் நின்று வேடிக்கை பார்ப்போம், லேப் அசிஸ்டென்ட் ஒருவர் தானே ஒரு ஜாபைக் கடைந்து முடித்துக் கையில் கொடுப்பார், அதையே எண் மாற்றி மாற்றி எல்லாரும் காட்டி மார்க் வாங்குவோம். ரெக்கார்ட் நோட்டில் படம் மட்டும் பென்சில் சீவிச் சீவி அழகாக வரைந்திருப்பேன். நான்கு வருஷம் முடித்து வெளியே வந்தபோது எனக்கு ஒரு ஷாஃப்ட்டை அளவுக்குக் கடையத் தெரியாது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மாமனார் பட்டறையில் ஒரு நாள் வெர்னியரை எடுத்து என்னிடம் நீட்டி, "அளந்து சொல்லுங்க மாப்ள" என்றார். நான் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு இன்று வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அதனால் நாயுடு சொன்ன அந்த இரண்டு வருஷக் கணக்கு முன்னால் வந்தபோது என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. அவர் சொன்னது அப்படியே சரி என்று நான் வாதாட வரவில்லை. கணக்கும் கொள்கையும் ஆழமாகத் தெரியாமல் பாலமோ டர்பைனோ வடிவமைக்க முடியாது, அதற்குக் காலம் வேண்டும்தான், அரசாங்கம் மறுத்ததில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வருஷத்தை எதற்குச் செலவழிக்கிறோம், பையன் கை அழுக்காகிறதா இல்லையா என்று ஒரு முதலாளி 1945-இல் கேட்டிருக்கிறார். எண்பது வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி என்னைக் குத்துகிறது. நாயுடு பெயரில் நடக்கும் அறக்கட்டளை இன்றைக்கும் ஜி. டி. தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறது, அந்தப் பிடிவாதம் அவரோடு போய்விடவில்லை.

மோட்டார் கதையும் இதேதான். 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டாரைத்தான் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று சொல்வார்கள். முதலாவதா இல்லையா என்பதைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பாலசுந்தரம் தனியாகப் போய் டெக்ஸ்டூல் தொடங்கினார். அங்கேயும் அதைப்போன்ற மற்ற இடங்களிலும் வேலை கற்றவர்கள் வெளியே வந்து வீட்டுத் திண்ணையில் ஒரு லேத் போட்டார்கள், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் கடை வைத்தார்கள், இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி வைத்தார்கள். என் மாமனார் வேலை கற்ற பட்டறை முதலாளியும் அப்படி ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர்தானாம். ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் எந்தச் சந்தில் நுழைந்தாலும் இன்றைக்கும் காலை எட்டு மணிக்குக் கட்டிங் ஆயில் வாசனை வரும், தெருவில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடக்கும். நாட்டில் ஓடுகிற பம்ப்செட்டுகளில் பெரும்பங்கு இந்தச் சந்துகளைச் சுற்றித்தான் பிறக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டக்கூடாது, அதையும் சொல்ல வேண்டும். பி. எஸ். ஜி. குடும்பத்தார் 1926-இல் சொத்துப் பிரிக்கும்போது நான்கு சகோதரர்களோடு தர்மத்தையும் ஐந்தாவது பங்காளியாக வைத்துப் பாகம் போட்டார்கள், அதில் வளர்ந்ததுதான் பீளமேட்டில் இருக்கிற கல்லூரிகளும் மருத்துவமனையும். லட்சுமி மில்லைத் தொடங்கிய குப்புசாமி நாயுடு இருக்கிறார், ஸ்டேன்ஸ் இருக்கிறார். சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊருக்கே திருப்பிக் கொடுப்பது அந்தக் காலத்தில் இங்கே பழக்கமாகவே இருந்திருக்கிறது. நாயுடு 1936 தேர்தலில் நின்று தோற்றார், அரசியலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் அவர் சுபாவத்துக்கு நிலைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். முதல்வர் பதவியை உதறிய மாதிரி அதையும் உதறியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தில் ஊர் இழந்ததும் உண்டு. கல்லூரிக்குள்ளேயே இருந்து இன்னும் பத்து வருஷம் சண்டை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு தொழில் கண்காட்சிக் கூடத்துக்குப் போயிருந்தோம். காவலுக்கு இருந்தவர் குழந்தைகள் அருகில் போனாலே விரட்டினார், பலகைகளில் எழுத்து அழிந்து கிடந்தது, பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். இங்கே அவசரப்படுத்த யாரும் இல்லை. மாமனார் ஒரே எஞ்சின் முன்னால் இருபது நிமிஷம் நின்றதற்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம், அவர் வயதுக்காரர்களை மெதுவாகப் பார்க்க விடுகிற இடங்கள் குறைவு.

யார் போகலாம் என்று கேட்டால், ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள வீடு, பாலிடெக்னிக், ஐ. டி. ஐ. மாணவர்கள், அப்புறம் முக்கியமாக, வீட்டில் ஓய்வாக இருக்கிற பழைய டர்னர், ஃபிட்டர், வைண்டர் யாராவது இருந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். கைடு தேவையில்லை, அவர்களே கைடு. தனியாகப் போய்ப் படம் பிடித்துப் போட்டுவிட்டு வருகிற இடம் இல்லை இது. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது, நடுவில் வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவது நல்லது. என்னைக் கேட்டால் கார்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாற்றிச் செய்தோம், மகளுக்கு நாயுடு பகுதிக்கு வரும்போது கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ஒரு ஆசை உண்டு, பார்க்கிறவர்கள் யாராவது சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். நாயுடுவிடமும் அவர் கூட்டாளிகளிடமும் வேலை கற்று வெளியே வந்து பட்டறை வைத்தவர்கள் பெயர், ஊர், என்ன செய்தார்கள் என்று ஒரு பெரிய சுவர் முழுக்க எழுதி வைத்தால், கணபதிக்காரர்களும் ஆவாரம்பாளையத்துக்காரர்களும் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறது, இப்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு.

வெளியே வந்து காரில் ஏறியதும் மாமனார் முதல் தடவையாகக் கேட்டார், "மாப்ள, இங்க நம்ம பட்டறையில இருந்த ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாமுங்களா?" அடுத்த மாதம் அவர்களோடு மறுபடியும் போகிறோம். ஒருவர் மோட்டார் வைண்டிங்கில் நாற்பது வருஷம் இருந்தவர், இன்னொருவர் வார்ப்புக்கான மாதிரி, அதாவது பேட்டர்ன் செய்கிறவர். வண்டியில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது, பீளமேடு பக்கம் வயதானவர்கள் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் ஏற்றிக்கொள்கிறேன்.